தைராய்டு முடிச்சு: கண்டறியும் முறைகளின் வரலாறு

தைராய்டு சுரப்பியில் தோன்றும் முடிச்சுகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு தீங்கற்றவை. எனவே ஒரு பரிசோதனையின் தரத்தை, எத்தனை புற்றைப் பிடித்தது என்பதோடு, எத்தனை பேரை வீண் அறுவையிலிருந்து காத்தது என்பதையும் வைத்தே அளக்க வேண்டும். தொடக்கத்தில் மருத்துவரின் விரல்களே கருவி. 1951-இல் அமெரிக்காவில் பெனடிக்ட் காசன் உருவாக்கிய ஸ்கேனர், சுரப்பி கதிரியக்க அயோடினை ஈர்ப்பதைப் படமாக்கியது. அயோடினை ஈர்க்காத ‘குளிர்’ முடிச்சு சந்தேகத்துக்குரியதாயிற்று. ஆனால் குளிர் முடிச்சுகளிலும் பெரும்பாலானவை சாதுவானவையே; அந்தப் படத்தை மட்டும் நம்பிக் கத்தி எடுப்பதில் நியாயம் குறைவு. இன்று இந்த ஸ்கேன் முக்கியமாக, ரத்தத்தில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறைந்திருப்பவர்களுக்கே எடுக்கப்படுகிறது.

தீர்ப்பை மாற்றியது ஊசி. 1930-இல் நியூயார்க்கில் மார்ட்டினும் எல்லிஸும் தடித்த ஊசியால் கட்டிகளை உறிஞ்சிப் பார்த்தனர்; ஊசி போன தடத்தில் புற்று பரவும் என்ற அச்சம் அம்முறையை நெடுங்காலம் முடக்கியது. சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவர்கள் மெல்லிய ஊசியால் அந்த அச்சத்தைப் போக்கினர். நோயாளி தோளுக்கடியில் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, எச்சில் விழுங்காமல் சில நொடிகள் இருந்தால் போதும். உறிஞ்சியது கண்ணாடித் தகட்டில் பூசப்படும். பத்துச் செல்களாவது கொண்ட கூட்டங்கள் ஆறு இருந்தால்தான் மாதிரி போதுமானது. 2007-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய மாநாடு முடிவுகளை ஆறு வகைகளாக்கியது. ஃபாலிக்குலர் கட்டியில் ஊசி தோற்கும் என்பது நியாயமான ஆட்சேபம்: அங்கே புற்றா இல்லையா என்பதை கட்டியின் உறையோ ரத்தக்குழாயோ ஊடுருவப்பட்டதா என்பதே சொல்லும், தனிச் செல்கள் அதைக் காட்டா. அதற்காக ஊசியைக் கைவிடுவதற்கில்லை. அத்தகைய சிலருக்கு மட்டும் அறுவையோ மரபணுச் சோதனையோ தேவைப்படும்.

அல்ட்ராசவுண்ட் 1967 முதல் தைராய்டைப் பார்க்கிறது. யாருக்கு ஊசி வேண்டும் என்று தேர்வதே அதன் உண்மையான பணி. முடிச்சின் தோற்றத்தை வைத்துச் சந்தேகத்தை மதிப்பிடும் 2017-இன் அமெரிக்க டிராட்ஸ் விதிப்படி, மிகுந்த சந்தேகமுள்ள முடிச்சுக்கும் 1 செ.மீ. அளவிலிருந்தே ஊசி. சிறிதாக இருக்கையிலேயே பிடிப்பது நல்லதல்லவா என்பார்கள். ஆனால் தென்கொரியாவில் பரவலான ஸ்கேன் பரிசோதனையால் 2011-இல் தைராய்டு புற்றுநோய்ப் பதிவு 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்கானது, இறப்போ மாறவில்லை. எனவே, செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியிலிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தனியார் மையத்துக்கோ போகிறவர், ‘முழு உடல் செக்கப்’பில் தற்செயலாகத் தெரிந்த சிறு முடிச்சைக் கண்டு அஞ்ச வேண்டாம். டி.எஸ்.எச். முடிவையும் ஸ்கேனில் குறித்த டிராட்ஸ் எண்ணையும் மருத்துவரிடம் கேளுங்கள்; அவை சொன்னால் மட்டும் ஊசி போதும்.