கமராவும் காப்புரிமையும்

ஒரு கொம்பனி இன்னொரு கொம்பனியை விலைக்கு வாங்குவது பத்திரிகையின் வணிகப் பக்கத்திற் பத்து வரியில் முடிந்துவிடும் செய்தி. 2024ஆம் ஆண்டு மார்ச் 7ஆந் திகதி, யப்பானிய நிக்கோன் நிறுவனம் அமெரிக்காவின் ரெட் என்னும் சினிமாக் கமரா நிறுவனத்தை முழுமையாக வாங்கப்போவதாக அறிவித்தது. ஏப்பிரல் மாதத்திற் கைமாற்றம் நிறைவேறியது. விலை ஏறத்தாழ எட்டரைக் கோடி டொலர். ஆனால் அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 2022 மே மாதத்தில், இதே ரெட் நிறுவனம் இதே நிக்கோன் மீது கலிபோர்னிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. வாதியைப் பிரதிவாதி விலைக்கு வாங்கிய கதை இது. வழக்கின் பொருளோ கமரா அன்று. கமராவின் வயிற்றுக்குள் நிகழும் ஒரு செய்கை. அச்செய்கை யாருக்குச் சொந்தம் என்பதே அங்கு எழுந்த வினா.

மட்டக்களப்பு வாவிக்கரையில் வாழும் நமக்கு இதனால் ஆவதென்ன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மைப் பிறர் படம் பிடித்திருக்கிறார்களேயன்றி நம்மை நாம் படம் பிடித்தது குறைவு. 1934இல் பசில் றைற் எடுத்த ‘சோங் ஒப் சிலோன்’ என்னும் புகழ்பெற்ற விவரணப் படத்துக்குப் பணம் கொடுத்தது தேயிலைப் பிரசார சபை. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை நாவலடியை அள்ளிச் சென்றபின் உலகின் கமராக்களெல்லாம் இக்கரைக்கு வந்தன. வந்தவை திரும்பியும் போயின. கருவி யாரிடம் இருக்கிறதோ அவரிடமே கதையும் இருக்கும் என்பதை நாம் ஏட்டிற் படித்து அறியவேண்டியதில்லை.

நிக்கோனின் கதை 1917இல் தொடங்குகிறது. ஒளியியற் கருவிகள் செய்த மூன்று சிறு நிறுவனங்களை இணைத்து, மிற்சுபிசி முதலாளிகளின் ஆதரவுடன் ‘நிப்பொன் கொகாக்கு’ என்ற பெயரில் அது தோன்றிற்று. அதன் முதல் நோக்கம் ஒளிப்படக் கலையன்று. படைக்குக் கண் செய்து கொடுப்பது. தொலைநோக்கி, நீர்மூழ்கியின் புறக்காட்சிக் குழாய், பீரங்கிக்குத் தூரம் அளக்கும் கருவி என்பன அதன் தொழிற்சாலைகளில் உருவாயின. யமாட்டோ என்னும் பெரும் போர்க்கப்பலின் பதினைந்து மீற்றர் நீளத் தூரமானி அது செய்ததே.

அக்கடற்படையை நம் ஊரும் அறியும். 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மீசை மூழ்கடித்தன. முந்நூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். உடன் சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் தாழ்ந்தது. ஹேர்மீஸ் இன்றும் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கிடக்கிறது. சுழியோடிகள் இறங்கிப் படம் எடுத்து வருகிறார்கள். நீருக்கடியிற் படம் பிடிக்கும் கமராக்களுள் நெடுங்காலம் பேர்பெற்றிருந்தது நிக்கோனின் ‘நிக்கோனோஸ்’ என்பதை இவ்விடத்திற் சொல்லாமல் விட முடியவில்லை. அதுவும் நிக்கோன் கண்டுபிடித்ததன்று. கடலாய்வாளர் கூஸ்தோவின் கப்பற் பெயரைத் தாங்கிப் பிரான்சில் உருவான ‘கலிப்சோ’ கமராவின் உரிமையைப் பெற்று, 1963இல் தன் பெயரில் வெளியிட்டது. ஆகவே பிறர் ஆக்கியதை வாங்கித் தன்னதாக்கும் வழக்கம் அந்நிறுவனத்துக்குப் புதிதல்ல.

போரிற் தோற்ற நாட்டில் படைக்குக் கண் செய்தவர்கள் குடிமக்களுக்குக் கண் செய்யத் தொடங்கினர். 1950இல், கொரியப் போரைப் படம் பிடித்த அமெரிக்க ஒளிப்படக்காரர் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கோனின் வில்லைகளைப் பயன்படுத்தி வியந்தார்; மேற்குலகம் அதன்பின்னரே திரும்பிப் பார்த்தது. 1959இல் வந்த நிக்கோன் எஃப் செய்தியாளர்களின் தோளில் நிரந்தரமாகத் தொங்கிற்று. ஆனால் சினிமாவின் வாசல் மட்டும் அதற்குத் திறக்கவில்லை. அங்கே வேறு பெயர்கள் ஆட்சி செய்தன. அவற்றுள் முதன்மையான ஆரியும் அதே 1917இல், மியூனிக் நகரிற் பிறந்ததுதான். அதன் ‘ஆரிஃபிளெக்ஸ்’ 1937இல் வந்தது. வில்லை காண்பதையே கமராக்காரரும் காணும்படி சுழலும் கண்ணாடி பொருத்தப்பட்டது. அதுவும் ஜேர்மனியின் போர்ச் செய்திப்படங்களுக்கு உழைத்தது. இரண்டு நிறுவனங்களும் போரின் பிள்ளைகள் என்றால் மிகையாகாது.

சினிமாக் கமரா எப்போதும் பணக்காரனின் பண்டமாகவே இருந்துவந்தது. 1912இல் இலண்டனுக்குக் கப்பலேறிய பால்கே அங்கு ஒரு வில்லியம்சன் கமராவை வாங்கி வந்தார். இந்தியாவின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதைப் பெறுவதற்கு அவர் குடும்பம் பட்ட கடன் சிறிதன்று. ஈழத்தில் தமிழ்ப் படம் பிறக்க ஐம்பது ஆண்டு தாமதமாயிற்று. 1962இல் வந்த ‘சமுதாயம்’ பதினாறு மில்லிமீற்றர்ப் படச்சுருளில் எடுக்கப்பட்டது; முப்பத்தைந்து மில்லிமீற்றர்ச் சுருளில் ‘தோட்டக்காரி’ மறு ஆண்டு வந்தது. சுருளின் அகலத்தை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பத்தொன்பது மில்லிமீற்றர் வித்தியாசத்திற்குள்ளேதான் வறுமையும் வசதியும் அடங்கியிருந்தன. பின்னர் 1983 யூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டபோது கருவிகளோடு படங்களின் மூலப்பிரதிகளும் சாம்பலாயின. கருவியைச் சேர்ப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டியிருந்தது. எரிப்பதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது.

இந்தப் பின்னணியிலே ரெட் நிறுவனத்தின் வருகையை வைத்துப் பார்க்கவேண்டும். ஓக்லி என்னும் குளிர்க்கண்ணாடிக் கொம்பனியை நிறுவிச் செல்வரான ஜிம் ஜானர்ட் 2005இல் அதைத் தொடங்கினார். 2007இல் ‘ரெட் வன்’ கமரா வெளிவந்தது. வில்லைகள் நீங்கலாக விலை 17,500 டொலர். ஏழை எவனும் இதனை மலிவு என்னான். ஆனால் அன்றைய உயர்தரச் சினிமாக் கமராக்களின் விலை இதைப்போற் பல மடங்கு. ஹொலிவுட் அதை உடனே எடுத்துக்கொண்டது. தமிழும் பின்தங்கவில்லை: 2009இல் ‘அச்சமுண்டு அச்சமுண்டு’, ‘உன்னைப்போல் ஒருவன்’ ஆகிய இரண்டும் ரெட் வன்னிற் படமாக்கப்பட்டு வெளிவந்தன.

இனி அந்தச் செய்கைக்கு வருவோம். டிஜிட்டல் கமராவில் வில்லைக்குப் பின்னாலிருக்கும் உணரி, ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஒளியை எண்ணாக மாற்றுகிறது. 4096க்கு 2304 என்ற அளவில் ஒரு சட்டகத்துக்கு ஏறத்தாழ 94 இலட்சம் புள்ளிகள். புள்ளி ஒன்றுக்குப் பன்னிரண்டு பிற் எனக் கொண்டால் ஒரு சட்டகம் 14 மெகாபைற். விநாடிக்கு 24 சட்டகம் ஓடும்போது 340 மெகாபைற். 2007ஆம் ஆண்டின் நினைவட்டை எதுவும் இந்த வெள்ளத்தைத் தாங்காது. ஆகவே மற்றைய கமராக்கள் விம்பத்தைக் கமராவுக்குள்ளேயே நிறம் சேர்த்து, சமைத்து, சுருக்கித் தந்தன. சமைத்த கறியை மீண்டும் மீனாக்க முடியாதல்லவா? பின்னர் நிறத்தையோ ஒளியையோ விரும்பியவாறு மாற்ற வழியில்லை. ரெட் வேறு வழி கண்டது. சமைக்காமல், மீனை மீனாகவே உலர்த்திப் பொதி செய்தது. நம் வாவிக்கரைப் பெண்கள் நெத்தலியைக் காயவைப்பது போன்ற செயல் இது: நீர் போகும், எடை குறையும், மீன் மீனாகவே இருக்கும்; எந்தக் கறி வைப்பது என்பதை அடுப்படியிற் பின்னர் முடிவுசெய்யலாம். 340 மெகாபைற் விநாடிக்கு 28 மெகாபைற்றாகச் சுருங்கிற்று.

நல்ல வித்தை, ஐயமில்லை. அதை ஒன்றாக இணைத்து, கையில் தூக்கும் கமராவுக்குள் இயங்கச் செய்தவர்களின் உழைப்பை மதிக்கவேண்டும். ஆனால் அவர்கள் பெற்ற காப்புரிமை எதற்கு? ஜானர்ட், கிரேம் நாட்ரஸ் என்போர் பெயரில் வழங்கப்பட்ட அந்தப் பத்திரங்கள், குறிப்பிட்ட ஓர் உணரிக்கோ மின்சுற்றுக்கோ உரியவையல்ல. 2K அளவுக்குக் குறையாத, விநாடிக்கு 23 சட்டகத்துக்குக் குறையாத மூலத்தரவைக் கமராவுக்குள்ளே சுருக்கிப் பதிவுசெய்வதையே அவை வேலியிட்டன. விம்பத்தை அலைத்துணுக்குகளாகப் பிரித்துச் சுருக்கும் கணிதம் உலகின் பொதுச் சொத்து. ‘ஜேபெக் 2000’ என்ற சர்வதேச நியமத்தில் முன்னரே இடம்பெற்றது. கருவாடு போடத் தெரிந்தவர் பலர் இருக்க, பெரிய மீனை வள்ளத்திலேயே காயவைக்கும் உரிமை எனக்கு மட்டும் என்று ஒருவர் உறுதி முடித்தால் எப்படியோ, அப்படி.

2013இல் சோனி மீது ரெட் வழக்குத் தொடுத்தது. அது சில மாதங்களில் முடிவுற்றது. 2019இல் இப்பத்திரங்களைச் செல்லாதவையாக்க அப்பிள் நிறுவனம் முயன்றது. அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் விசாரணைக்கே எடுக்கவில்லை. உலகின் மிகப் பெரிய செல்வம் படைத்த கொம்பனிகளுள் ஒன்றே தோற்றுத் திரும்பிய வாசல் அது. பின்னர் நிக்கோன் தன் ‘இசட் 9’ கமராவில் சுருக்கிய மூலத்தரவுப் பதிவைச் சேர்த்தது, வழக்கு வந்தது. நிக்கோனின் மறுப்பு எளிமையானது: விண்ணப்பிப்பதற்கு ஓராண்டுக்கும் முன்னரே ரெட் தன் கமராவைக் காட்சிக்கு வைத்து விற்பனைக்கும் முன்வந்துவிட்டது, ஆதலால் பத்திரம் செல்லாது. இவ்வாதம் சரியா பிழையா என்பதை எந்த நீதிபதியும் சொல்லவில்லை. 2023 ஏப்பிரலில் இரு தரப்பும் கூடி வழக்கைக் கைவிட்டன. ஓராண்டு கழியுமுன் வாதி பிரதிவாதியின் சொத்தாயினார்.

இதிலேதான் என் மனத்தாங்கல். பத்திரம் செல்லாது என்று வாதிட்டவரே அதன் உரிமையாளர் ஆகிவிட்டார். இனி அது செல்லாது என்று அவர் ஏன் சொல்லப்போகிறார்? நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்திருந்தால், சாதகமோ பாதகமோ, அது எல்லோருக்கும் பொதுவானதாக இருந்திருக்கும். சிறு நிறுவனங்களும் தம் நிலையை அறிந்திருக்கும். விலைபேசி முடித்த விடயத்தில் வாங்கியவருக்கு மட்டுமே விடை கிடைத்தது.

எனினும் ஒரு பக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. 2025 செப்ரெம்பரில் நிக்கோன் ‘இசட் ஆர்’ என்ற கமராவை வெளியிட்டது. 6K அளவில், ரெட்டின் மூலத்தரவு முறையின் ஒரு வடிவத்தைத் தன்னுள்ளேயே பதிவுசெய்யும் அதன் விலை ஏறத்தாழ 2,200 டொலர். 2007இன் 17,500 டொலரோடு ஒப்பிட்டால் எட்டில் ஒன்று. திருமண வீட்டுப் படம் பிடித்து உழைக்கும் ஓர் இளைஞன் இரண்டு மூன்று பருவம் சேமித்தோ, நண்பர் நால்வர் கூடியோ எட்டிப் பார்க்கக்கூடிய தொகை. முதலாளிகளின் போட்டி சில வேளை நம் வாசலிலும் எதையாவது கொண்டுவந்து போட்டுவிட்டுப் போகிறது. ஆனால் போட்டி அந்தப் பொருளின் விலையைத்தான் குறைத்தது, வேலியை அகற்றவில்லை. வேறொரு சிறு பட்டறை, சென்னையிலோ கொழும்பிலோ, இதே வேலையைச் செய்யும் கமராவை அமைத்து அமெரிக்கச் சந்தைக்கு அனுப்ப நினைத்தால் அதே பத்திரம் குறுக்கே நிற்கும்; கையொப்பம் மட்டும் மாறியிருக்கும்.

அந்தப் பத்திரங்களுள் முதன்மையானவற்றுக்கான விண்ணப்பம் 2008 ஏப்பிரலில் இடப்பட்டது. அமெரிக்கச் சட்டப்படி அதன் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து இருபது ஆண்டு. 2028 ஏப்பிரலில் அந்தக் கணக்கு முடிகிறது.