எக்ஸிகியூட்டிவ் குரங்கும் ஒரு பழைய தப்புக் கணக்கும்

"மேனேஜர் ஆயிட்டீங்களா? இனிமே பி.பி. மாத்திரையும் கூடவே வரும் பாருங்க!" பதவி உயர்வு வாங்கியவரிடம் இப்படிச் சொல்லிச் சிரிப்பது நம் ஆபீஸ்களில் சகஜம். பொறுப்பு கூடினால் டென்ஷன் கூடும், டென்ஷன் கூடினால் உடம்பு கெடும் என்று ஒரு கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்குக்கு அறிவியல் முத்திரை குத்தியது நாலே நாலு குரங்குகள் என்பதும், அந்த முத்திரையே தப்பாகக் குத்தப்பட்டது என்பதும் பலருக்குத் தெரியாது.

1958-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் ஜோசப் பிராடி என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். எட்டு ரீசஸ் குரங்குகள், நாலு ஜோடி. ஜோடியை நாற்காலிகளில் கட்டி உட்காரவைத்து மின்அதிர்ச்சி கொடுப்பார்கள். ஒரு குரங்கின் கையில் மட்டும் ஒரு விசை. அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டுக்குமே ஷாக் வராது. மறந்தால் இரண்டுக்கும் விழும். விசை வைத்திருந்த குரங்குக்குப் பெயரே 'எக்ஸிகியூட்டிவ்'. மற்றது சும்மா உட்கார்ந்திருக்கும்.

முடிவு? எக்ஸிகியூட்டிவ் குரங்குகளுக்கு அல்சர் வந்தது, ஜோடிக் குரங்குகளுக்கு வரவில்லை. பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? முடிவெடுக்கிறவனுக்குத்தான் வயிறு எரியும் என்ற படம் ஜனங்கள் மனதில் அப்படியே பதிந்துவிட்டது.

ஓட்டை எங்கே என்று பார்ப்போம். எந்தக் குரங்கு எக்ஸிகியூட்டிவ் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யவில்லை. முன்சோதனையில் யார் அதிகமாக, வேகமாக விசையை அழுத்தினார்களோ, அவர்களுக்கே அந்தப் 'பதவி'. அதாவது இயல்பிலேயே படபடப்பான குரங்குகளாகப் பொறுக்கி உட்காரவைத்தாயிற்று. அப்புறம் வந்த அல்சருக்குக் காரணம் பதவியா, குரங்கின் சுபாவமா? எப்படிச் சொல்வது?

ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜே வைஸ், 1968 முதல் சில ஆண்டுகள் இதே மாதிரிச் சோதனையை எலிகளை வைத்துச் செய்தார். இந்த முறை யாருக்கு எந்த இடம் என்பதில் பாரபட்சம் இல்லை. விடை தலைகீழாக வந்தது. ஷாக்கைத் தடுக்கும் வசதி இருந்த எலிக்கு அல்சர் குறைவு. அதே அளவு ஷாக்கை ஒன்றும் செய்ய முடியாமல் வாங்கிக்கொண்ட எலிக்குத்தான் அதிகம். இன்னொன்றும் அவர் கவனித்தார். செய்த காரியம் பலித்ததா என்று தெரியவந்தால் பாதிப்பு குறைகிறது. நிறைய முயற்சி, ஆனால் பதிலே தெரியாது என்றால் பாதிப்பு ஏறுகிறது.

சரி, மனிதர்களுக்கு வருவோம். 1967-ல் லண்டனில் வைட்ஹால் ஆய்வு ஆரம்பித்தது. பிரிட்டிஷ் அரசு ஊழியர்கள், எல்லோரும் ஆண்கள், சுமார் 18,000 பேர். மைக்கேல் மார்மட்டும் சக ஆய்வாளர்களும் 1978-ல் வெளியிட்ட முடிவு இது: மாரடைப்பு போன்ற இதய நோயால் இறந்தவர்கள் உச்சியில் இருந்த நிர்வாகிகளைவிடக் கடைநிலை ஊழியர்களில் மூன்று மடங்குக்கும் மேல். புகைப்பழக்கம், ரத்த அழுத்தம் எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் போகவில்லை. படிக்குப் படி இறங்க இறங்க ஆபத்து ஏறியது. 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆய்வு, காரணங்களில் ஒன்றைத் தொட்டுக் காட்டியது: தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது.

நடுவில் 1979-ல் ராபர்ட் கராசெக் இதை ஒரு மாதிரியாகவே வரைந்துவிட்டார். வேலைப்பளு ஒரு அச்சு, முடிவெடுக்கும் உரிமை இன்னொரு அச்சு. பளுவும் உரிமையும் சேர்ந்து இருந்தால் மனிதன் கற்றுக்கொள்கிறான், திறமை வளர்கிறது. பளு மட்டும் இருந்து உரிமை இல்லையென்றால் நசுங்குகிறான். மேனேஜரின் செயல்திறனைப் பற்றிப் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ஒரே அளவு அழுத்தம் ஒருவரைத் தேர்ந்தவராக ஆக்குகிறது, இன்னொருவரைச் சுருட்டிப் போட்டுவிடுகிறது.

அப்படியானால் மேனேஜர்கள் எல்லாம் சௌக்கியமா? இல்லை. அந்தப் பெயர்ப்பலகை வைத்திருக்கிற எல்லோர் கையிலும் விசை இருக்கிறதா என்று பாருங்கள். டார்கெட் மேலே இருந்து வரும். ஆள் எடுக்கவோ, லீவு கொடுக்கவோ, செலவு செய்யவோ மேலே கேட்க வேண்டும். டீம் சொதப்பினால் பதில் மட்டும் இவர் சொல்ல வேண்டும். சொல்லி அனுப்பிய ரிப்போர்ட்டுக்கு என்ன ஆச்சு என்றும் தெரியாது. பெயர் எக்ஸிகியூட்டிவ், ஆனால் உட்கார்ந்திருப்பது பக்கத்து நாற்காலியில்! இவருக்கு யோகா வகுப்பு நடத்துவதில் தப்பில்லை. ஆனால் ஷாக் நிற்காது.

கடைசியாக ஒரு கொசுறு. 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டார்கள். மனிதர்களுக்கு வரும் அல்சர்களில் பெரும்பகுதிக்கு இதுவும் சில வலி மாத்திரைகளும்தான் காரணம் என்று பின்னர் தெளிவானது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு. பாவம், எக்ஸிகியூட்டிவ் குரங்கு! அதன் கதையில் மிச்சம் இருந்த அல்சரும் போய்விட்டது.

அடுத்த முறை யாருக்காவது பதவி உயர்வு என்றால் பி.பி. மாத்திரை ஜோக்கை விட்டுவிட்டு, "எந்தெந்த முடிவு இனி உங்க கையில?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் பதில் சொல்லத் தடுமாறினால், அப்போது கவலைப்படலாம்.