அட்டையில் உள்ள சின்ன எழுத்து: மன அழுத்தப் புத்தகங்களின் துணைத்தலைப்பு வரலாறு

டேல் கார்னகி ஒருமுறை நியூயார்க் பொது நூலகத்தில் 'கவலை' என்ற தலைப்பின் கீழ் எத்தனை புத்தகங்கள் இருக்கின்றன என்று தேடிப் பார்த்தார். 22 கிடைத்தன. ஆங்கில அகரவரிசையில் அதற்குப் பக்கத்திலேயே வரும் 'புழுக்கள்' என்ற தலைப்பில் எத்தனை தெரியுமா? 189! மனிதனின் கவலையை விடப் புழுவைப் பற்றி எட்டு மடங்குக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். கவலையை நிறுத்தி வாழத் தொடங்குவது எப்படி என்று 1948இல் அவர் எழுதிய புத்தகத்தின் முன்னுரையில் இதை அவரே சொல்கிறார்.

இன்று எந்தப் புத்தகக் கடைக்குப் போனாலும் நிலைமை தலைகீழ். புழுவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். மன அழுத்தத்துக்கு ஒரு முழு அலமாரியே இருக்கும். எல்லாப் புத்தகமும் ஒரே விஷயத்தைப் பேசும்போது வாங்குபவர் எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்? பெரிய எழுத்தில் இருக்கும் தலைப்பு அவரை நிற்க வைக்கும். அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் துணைத்தலைப்புதான் பர்ஸைத் திறக்க வைக்கும். இந்தப் புத்தகம் யாருக்கு, என்ன தரும் என்ற வாக்குறுதி அங்கேதான் இருக்கிறது. மருந்துப் புட்டியின் லேபிள் மாதிரி. ஒரே வித்தியாசம், லேபிளில் பொய் எழுதினால் சட்டம் கேட்கும். துணைத்தலைப்பை யாரும் கேட்பதில்லை.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். 1871ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம். சைலஸ் வெயர் மிட்சல் என்ற நரம்பியல் மருத்துவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'வேர் அண்ட் டேர்' என்பது தலைப்பு. தேய்மானம் என்று பொருள். (வணிகவியல் மாணவர்களுக்கு இயந்திரத்துக்கு எழுதும் தேய்மானக் கணக்கு ஞாபகம் வரலாம்!) அந்தக் கால வழக்கப்படி 'அல்லது' போட்டு இரண்டாவது தலைப்பும் வைத்தார்: அளவுக்கு மீறி உழைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். எவ்வளவு அடக்கமான வாக்குறுதி பாருங்கள். குணமாக்குவேன் என்று சொல்லவில்லை, குறிப்புகள் தருகிறேன் என்கிறார். வாசகரையும் பலவீனமானவர் என்று சொல்லவில்லை, அதிகம் உழைப்பவர் என்கிறார். அதாவது, குற்றம் வேலையின் மேல்.

(இதே மிட்சல்தான் பெண்களுக்கு 'ஓய்வுச் சிகிச்சை' என்று படுக்கையிலேயே கிடக்க வைத்தவர். அதை அனுபவித்த சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் அந்தக் கொடுமையை வைத்து ஒரு சிறுகதையே எழுதினார். அடக்கமான துணைத்தலைப்பு வைத்தவரெல்லாம் நல்ல மருத்துவர் என்று நினைத்துவிட வேண்டாம்.)

அட்டையில் உள்ள சொல்லை மாற்றினால் விற்பனை மாறும் என்று எண்ணிக்கையோடு காட்டியவர் கான்சாஸ் மாநிலத்தில் இருந்த ஹால்டிமன்-ஜூலியஸ் என்ற பதிப்பாளர். மலிவு விலைச் சிறு நூல்களை லட்சக்கணக்கில் விற்றவர். பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியேவின் 'தங்கக் கம்பளி' என்ற கதை 1925இல் 6,000 பிரதிதான் போனது. அதையே 'பொன்னிறக் கூந்தல் காதலியைத் தேடி' என்ற பொருள்பட மாற்றி வைத்தார். 1926இல் 50,000 பிரதி! உள்ளே ஒரு வரி கூட மாறவில்லை.

இதற்குப் பிறகு மன அழுத்தப் புத்தகங்களில் நடந்ததைப் பார்க்க எட்மண்ட் ஜேக்கப்சன் நல்ல உதாரணம். சிகாகோ மருத்துவர். உடலின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை உருவாக்கியவர். 1929இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பு, தசை நிலைகளையும், உளவியலிலும் மருத்துவத்திலும் அவற்றுக்குள்ள முக்கியத்துவத்தையும் பற்றிய உடலியல், மருத்துவ ஆய்வு என்று நீளும். படிக்கும்போதே மூச்சு வாங்கும். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1934இல், அதே மனிதர் பொதுமக்களுக்காக எழுதிய நூலின் தலைப்பு: 'நீங்கள் தளர்ந்தே ஆக வேண்டும்'. துணைத்தலைப்பு: நவீன வாழ்க்கையின் இறுக்கங்களைக் குறைக்கும் நடைமுறை வழி. 'ஆய்வு' போய் 'வழி' வந்துவிட்டது. ஆனாலும் ஜேக்கப்சனிடம் ஒரு நேர்மை இருக்கிறது. 'குறைக்கும்' என்றுதான் சொல்கிறார், ஒழிக்கும் என்று சொல்லவில்லை. இறுக்கத்துக்குக் காரணம் நவீன வாழ்க்கை என்பதும் அட்டையிலேயே இருக்கிறது. அட்டையில் இல்லாத ஒன்று, அவருடைய முழுப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்பது.

இதுவரை வந்த எந்த அட்டையிலும் 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து கனடாவின் மான்ட்ரியாலில் வாழ்ந்த விஞ்ஞானி. எலிகளுக்கு எந்தத் தீங்கான பொருளைக் கொடுத்தாலும், அட்ரீனல் சுரப்பி வீங்குவது, தைமஸ் சுருங்குவது, வயிற்றில் புண் வருவது என்று ஒரே மாதிரி விளைவுகள் வருவதைக் கண்டார். 1936இல் 'நேச்சர்' இதழில் வெளியான அவரது சிறு கட்டுரையின் தலைப்பில் கூட அந்தச் சொல் இல்லை. 1950இல் ஒரு தடிமனான மருத்துவ நூல். 1956இல் பொதுமக்களுக்கான 'தி ஸ்ட்ரெஸ் ஆஃப் லைஃப்'. 1974இல் 'ஸ்ட்ரெஸ் வித்அவுட் டிஸ்ட்ரெஸ்', அதாவது துன்பம் இல்லாத அழுத்தம். நூலுக்கு நூல் பெயர் சுருங்கிக்கொண்டே வந்தது, வாக்குறுதி பெரிதாகிக்கொண்டே வந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. பௌதிகத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்றால் வெளியிலிருந்து வரும் விசையோடு சேர்ந்தது, 'ஸ்ட்ரெய்ன்' என்றால் அதனால் பொருளில் ஏற்படும் மாற்றம். செல்யே உடலுக்குள் நடப்பதற்கு முதல் சொல்லைப் போட்டுவிட்டார். அப்போது ஆங்கிலம் இன்னும் நன்றாகத் தெரிந்திருந்தால் இரண்டாவது சொல்லை எடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார். சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் அழுத்தம் வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வியே! வெளியே என்றால் முதலாளியை, வேலை நேரத்தை, வாடகையை மாற்ற வேண்டும். உள்ளே என்றால் வாசகர்தான் மாற வேண்டும். புத்தகத்தை வாங்குபவர் முதலாளி அல்ல, வாசகர். அதனால் அட்டைகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்று சொல்லத் தேவையில்லை. (தமிழில் குழப்பம் வேறு மாதிரி. 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை ஸ்ட்ரெஸ், டிப்ரஷன் இரண்டுக்கும் எழுதுகிறோம்.)

சாய்ந்ததன் விளைவு என்ன? 1986இல் பெர்னி சீகல் என்ற அறுவை மருத்துவர் எழுதிய, அன்பு, மருத்துவம், அற்புதங்கள் என்று பொருள்படும் தலைப்புள்ள நூல் பெரும் விற்பனை கண்டது. அசாதாரண நோயாளிகளுடன் ஓர் அறுவை மருத்துவர் பெற்ற அனுபவத்திலிருந்து, தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்வது பற்றிய பாடங்கள் என்பது துணைத்தலைப்பு. கையில் எடுப்பவர்களில் பலர் புற்றுநோயாளிகள். அட்டையில் 'தன்னைத் தானே' என்று இருக்கிறது. அப்படியானால் குணமாகாதவர் யார்? சாதாரண நோயாளியா? சரியாக முயற்சி செய்யாதவரா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்டவர் ராபர்ட் சபோல்ஸ்கி. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர், கென்யாவில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். வரிக்குதிரைகளுக்கு ஏன் அல்சர் வருவதில்லை என்று 1994இல் அவர் எழுதிய நூலில், மனநிலையால் புற்றுநோயை வெல்லலாம் என்று சொல்வது சாகும் மனிதரின் தலையிலேயே பழியையும் போடும் செயல் என்று வாதாடினார். இதில் இன்னொரு செய்தியும் உண்டு. சீகலின் ஆதரவுக் குழுவில் சேர்ந்த மார்பகப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்களா என்று 1984இலேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. அதை எழுதியவர்களில் சீகலும் ஒருவர். நோய் கண்டுபிடிக்கப்பட்டதற்கும் குழுவில் சேர்ந்ததற்கும் இடைப்பட்ட காலத்தைக் கணக்கில் எடுத்ததும், குறிப்பிடத்தக்க பலன் எதுவும் மிஞ்சவில்லை. புத்தகம் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

எல்லோரும் இப்படியில்லை. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஒரு கிளினிக் தொடங்கினார். எட்டு வாரப் பயிற்சி. நாள்பட்ட வலியோடு வந்து, மருத்துவத்தால் முழுதாகத் தீர்க்க முடியாதவர்கள் பலர். 1990இல் வந்த அவருடைய நூலின் துணைத்தலைப்பு, உடல் மற்றும் மனதின் ஞானத்தைக் கொண்டு அழுத்தத்தையும் வலியையும் நோயையும் எதிர்கொள்வது பற்றிச் சொல்கிறது. வெல்வது, விரட்டுவது எல்லாம் கிடையாது. 'எதிர்கொள்வது' மட்டும்தான். அந்த ஒரு வினைச்சொல்லுக்காகவே அவரைப் பாராட்டலாம். வலி போகாத ஒருவர் அந்தப் புத்தகத்தைப் படித்து முடித்த பிறகும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்.

2015இல் கெல்லி மெக்கானிகல் இன்னொரு பக்கம் போனார். பல ஆண்டுகள் அழுத்தம் கெடுதல் என்று சொல்லிவந்ததாக அவரே ஒத்துக்கொண்டு, மனம் மாறி எழுதிய நூல் அது. அழுத்தம் ஏன் உங்களுக்கு நல்லது, அதில் தேர்ச்சி பெறுவது எப்படி என்பது துணைத்தலைப்பு. இதற்கு முக்கிய ஆதாரம் 2012இல் வெளியான ஓர் ஆய்வு. சுமார் 30,000 அமெரிக்கர்களை எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்ததில், அழுத்தம் அதிகம் இருந்து, அது உடல்நலத்தைப் பெரிதும் கெடுக்கிறது என்றும் நம்பியவர்களுக்கு அகால மரண வாய்ப்பு 43 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. சுவாரசியமான முடிவுதான். ஆனால் ஏற்கெனவே உடல் கெட்டுப்போனதை உணர்ந்தவர்கள் அப்படி நம்பியிருக்கலாமே? நம்பிக்கைதான் காரணம் என்று அந்த ஆய்வால் நிரூபிக்க முடியாது. 'நல்லது' என்ற சொல்லில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. இரண்டு வேலை பார்த்து வட்டி கட்டும் ஒருவர் அதைப் படித்தால் என்ன நினைப்பார் என்று பதிப்பகத்தில் யாராவது யோசித்தார்களோ என்னவோ.

சபோல்ஸ்கியின் அட்டை என்ன சொல்கிறது? 1994இல்: அழுத்தம், அழுத்தம் சார்ந்த நோய்கள், சமாளித்தல் பற்றிய ஒரு வழிகாட்டி. 1998இல் இரண்டாம் பதிப்பு: புதுப்பிக்கப்பட்ட வழிகாட்டி. 2004இல் மூன்றாம் பதிப்பு: பாராட்டுப் பெற்ற வழிகாட்டி. அந்தப் பதிப்பில் வறுமை உடலை எப்படி அரிக்கிறது என்று ஓர் அத்தியாயம் முழுக்க எழுதியிருக்கிறார். அது அட்டைக்கு வரவில்லை. பத்து ஆண்டுகளில் மாறியது அந்த ஓர் அடைமொழிதான். 'சமாளித்தல்' மூன்று அட்டையிலும் அப்படியே இருக்கிறது.