அடைக்கலமும் ஆதிக்கமும்

நம் இல்லங்களில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், "மருந்து கொடுத்தீர்களா?" என்று கேட்பவர்களோடு, "ஓதிப் பார்த்தீர்களா?" என்று கேட்கும் மூத்தோரும் உண்டு. பீங்கான் தட்டில் குங்குமப்பூக் கரைசலால் எழுதி, அதை நீரில் கரைத்துப் பருகக் கொடுப்பதும், தாவீசு கட்டுவதும், தகடு எழுதி வீட்டில் வைப்பதும் நாம் காணாத வழக்கங்கள் அல்ல. இவற்றுள் ஆகுமானது எது, ஆகாதது எது என்று தீர்ப்புச் சொல்வது மார்க்க அறிஞர்களின் பணி. அவர்களிடையேயும் இதில் கருத்து வேறுபாடு தொன்றுதொட்டு இருந்து வருகிறது. நாம் இங்கே வரலாற்றின் வாயிலை மட்டுமே தட்டுகிறோம். இத்தகைய பொருள்களை அந்நாளில் யார் செய்தார்கள்? எப்படிச் செய்தார்கள்? செய்தவர்களும் செய்வித்தவர்களும் கண்ட பயன் என்ன?

இரண்டு சொற்களிலிருந்து தொடங்குவோம். 'தஅவீத்' என்னும் அரபுச் சொல்லே நம் வழக்கில் 'தாவீசு' ஆயிற்று. அதன் வேர்ப்பொருள் அடைக்கலம் தேடுதல். திருக்குர்ஆனின் இறுதி இரு அத்தியாயங்களுக்கு 'முஅவ்விததைன்' என்று பெயர் வந்ததும் இவ்வேரினின்றே. மற்றொரு சொல் 'தில்ஸம்'. இது அரபிக்கு அயலது. 'தெலெஸ்மா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நிறைவு செய்தல், சடங்கால் ஆற்றலேற்றிப் புனிதமாக்குதல் என்னும் கருத்துகள் அதில் அடங்கியுள்ளன. அரபியில் தா, லாம், ஸீன், மீம் என்னும் நான்கெழுத்துகளால் எழுதப்படும் இச்சொல்லைப் பின்னிருந்து படித்தால் 'முஸல்லத்' என்றாகும். 'ஆதிக்கம் பெற்றது' என்பது அதன் பொருள். இந்த எழுத்து விளையாட்டைச் சுட்டிக்காட்டியவர்கள் தில்ஸக் கலையை எழுதி வைத்தவர்களே. ஒன்று அடைக்கலம் கேட்கிறது. மற்றொன்று ஆதிக்கம் கேட்கிறது. நாம் சொல்லப் போகும் வரலாறு முழுவதும் இவ்விரண்டுக்கும் இடையிலேயே நடக்கிறது.

கோளும் உலோகமும்

தில்ஸக் கலையின் பெருநூல் அந்தலூசியாவில், அதாவது முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயினில் தோன்றியது. 'ஃகாயத்துல் ஹகீம்' என்பது அதன் பெயர். கணித மேதை மஸ்லமா அல்மஜ்ரீத்தியின் பெயரில் அது நெடுங்காலம் வழங்கியது. கி.பி. 964இல் மறைந்த மஸ்லமா இப்னு காஸிம் அல்குர்துபீயே அதன் ஆசிரியர் என்று இக்கால ஆய்வாளர் கருதுகின்றனர். 1256இல் காஸ்தீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்ஸோவின் ஆணையால் அது காஸ்தீலிய மொழிக்குப் பெயர்ந்தது. பின்னர் 'பிகாட்ரிக்ஸ்' என்னும் பெயரில் இலத்தீனுக்குச் சென்று, ஐரோப்பிய மந்திரவாதிகளுக்கும் பாடநூலாயிற்று.

இந்நூல் காட்டும் உலகில் ஏழு கோள்களுக்கும் தனித்தனி உலோகம், நிறம், நறும்புகை உண்டு. சூரியனுக்குப் பொன், சந்திரனுக்கு வெள்ளி, செவ்வாய்க்கு இரும்பு, சனிக்கு ஈயம் என்னும் பொருத்தம் பழைய உலகெங்கும் வழங்கியதுதான். தில்ஸம் செய்பவர் முதலில் தம் நோக்கத்துக்குரிய கோளைத் தேர்கிறார். அதற்குரிய உலோகத்தை எடுத்து, அக்கோள் வலுப்பெறும் நாழிகை வரும்வரை காத்திருக்கிறார். அந்நாழிகையில் உருவைப் பொறித்து, உரிய புகையிட்டு, கோளை விளித்துச் சில சொற்களைக் கூறுகிறார். உலோகம் உடலாம், நாழிகையும் புகையும் சொல்லும் சேர்ந்து அதற்கு உயிராம்.

கோளை விளிக்கும் இப்பகுதியில் ஹர்ரான் நகரத்து ஸாபியீன்களின் வழிபாட்டு மரபு கலந்திருக்கிறது. விண்மீன்களைப் போற்றிய அம்மக்களிடையே தோன்றி, பக்தாதில் பெரும் புகழ் எய்திய கணித அறிஞர்தாம் தாபித் இப்னு குர்ரா (மறைவு 901). எண் கோட்பாட்டிலும் வானியலிலும் முன்னோடியான அவர் பெயராலும் தில்ஸ உருவங்களைப் பற்றிய நூலொன்று வழங்குகிறது. நாழிகையைக் கணிக்க வானியல் வேண்டும். கட்டம் நிரப்பக் கணிதம் வேண்டும். உருப் பொறிக்க உலோகத் தொழில் வேண்டும். தில்ஸத்தை மூடர்களின் தொழில் என்று எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அக்காலத்தின் சிறந்த அறிவு அதற்குக் கூலி வேலை செய்தது என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்யும் உண்மை.

சிங்க முத்திரை

செய்முறை ஒன்றை 'முகத்திமா'வில் இப்னு கல்தூன் (1332–1406) விவரிக்கிறார். 'சிங்க முத்திரை' என்பது அதன் பெயர். எஃகு அச்சில் ஒரு சிங்கத்தைப் பொறிக்க வேண்டும். அது கல்லொன்றைக் கடித்து இரு கூறாக்குகிறது. முன்னே பாம்பு, முதுகின் மேல் ஊரும் தேள். ஒரு ராசியைப் பத்துப் பத்துப் பாகையாக மூன்று கூறாக்குவர். தமிழ்ச் சோதிடர் திரேக்காணம் என்பது அதுவே. சூரியன் சிம்ம ராசியின் முதல் அல்லது மூன்றாம் திரேக்காணத்தில் புகும் வேளையில், சூரிய சந்திரர் இருவரும் பீடையின்றி இருக்க, இப்பொறிப்பை முடிக்க வேண்டும். பிறகு, ஒரு மித்கால், அதாவது நாலேகால் கிராம் அளவுக்கு மிகாத பொன்னில் அவ்வச்சைப் பதித்து, பன்னீரில் கரைத்த குங்குமப்பூவில் தோய்த்து, மஞ்சள் பட்டுத் துணியில் சுற்றி உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

எதற்காக இத்தனை பாடு? அரசர்களைத் தம் வசப்படுத்தலாம் என்பதற்காக! வைத்திருப்பவன் மன்னர்களிடம் சொல்லொணாச் செல்வாக்குப் பெறுவான் என்று அக்கலைஞர்கள் கருதியதாக இப்னு கல்தூன் எழுதுகிறார். பல அரசவைகளில் பதவி பெற்று, பதவி இழந்து, சிறையும் கண்டவர் அவர். மன்னனின் முகம் மாறினால் என்ன நேரும் என்று அவருக்கு நன்கு தெரியும். முத்திரையைத் தேடி அலைந்தவர்களின் அச்சத்தையும் அவர் அறிந்தே இருப்பார்.

பதினைந்தின் கட்டம்

ஒன்பது கட்டங்களில் 1 முதல் 9 வரை எழுதி, எப்பக்கம் கூட்டினாலும் 15 வரும் சதுரத்தை நம்மில் பலர் தகடுகளில் பார்த்திருப்போம். அதன் நான்கு மூலைகளில் 2, 4, 6, 8 என்னும் இரட்டை எண்கள் அமையும். 'பிஸ்மில்லாஹ்' 786 ஆகும் அதே அப்ஜது கணக்கில், அவ்வெண்களுக்குரிய எழுத்துகள் பே, தால், வாவ், ஹே. இவற்றைச் சேர்த்து 'புதூஹ்' என்றொரு சொல்லை உண்டாக்கினர். பொருளில்லாத அச்சொல், நாளடைவில் கடிதங்கள் பத்திரமாய்ப் போய்ச் சேர மேலுறையில் எழுதப்படும் அளவுக்கு வலிமை பெற்றது.

இக்கட்டம் 'கஸ்ஸாலியின் முக்கோணம்' என்றும் பெயர் பெற்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'அல்முன்கித்' நூலில் இதைக் குறிப்பிடுவது உண்மையே. தண்ணீர் படாத இரு துணிகளில் எழுதிய இக்கட்டத்தைப் பேறுகால வேதனையில் இருக்கும் பெண் பார்த்து, காலடியில் வைத்தால் மகப்பேறு எளிதாகும் என்னும் நம்பிக்கையை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் எவருக்காக? தொழுகையின் ரக்அத்து எண்ணிக்கையில் பொருளிருக்குமா என்று ஐயுறும் மெய்யியலாரை நோக்கி, 'இக்கட்டத்தின் எண்களுக்கு ஒரு தன்மை உண்டென நம்பும் நீங்கள், நபிமார்கள் அறிவித்த எண்ணிக்கைக்குத் தன்மை உண்டென நம்ப மறுப்பதேன்?' என்னும் கருத்துப்பட அவர்கள் வாதிடுகிறார்கள். வாதத்தில் வந்த உவமையை மக்கள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மறைந்த அல்பூனீயின் பெயரில் 'ஷம்ஸுல் மஆரிஃப்' போன்ற நூல்கள் பரவியபோது, எண்ணும் எழுத்தும் இறைநாமங்களும் ஒரே கட்டத்துள் குடியேறின. அடைக்கலத்தின் சொற்களை ஆதிக்கத்தின் சட்டகத்துள் அடைத்த திருப்பம் இதுவே.

கிண்ணம், சட்டை, காகிதம்

டமாஸ்கஸில் 1154இல் சுல்தான் நூருத்தீன் ஸங்கி ஒரு மருத்துவமனை எழுப்பினார். 'பீமாரிஸ்தான் நூரீ' என்னும் அம்மனையில் பயின்றவர்தாம், நுரையீரல் வழியே குருதி செல்லும் பாதையைப் பின்னாளில் விளக்கிய இப்னு நஃபீஸ். அதே சுல்தானுக்காக ஹிஜ்ரி 565இல் (1169–70) செய்யப்பட்ட ஓர் உலோகக் கிண்ணமும் இன்று வரை இருக்கிறது. ஆண்டு குறிக்கப்பெற்ற மந்திரக் கிண்ணங்களில் மிகப் பழையதாக அது மதிக்கப்படுகிறது. பாம்புக் கடி, தேள் கொட்டு, வெறிநாய்க் கடி, பேறுகால வேதனை, வயிற்று வலி எனக் குறைகளைப் பட்டியலிட்டு, இறைமொழிகளோடு பொறிப்பது இவ்வகைக் கிண்ணங்களின் வழக்கம். நோயாளியோ, அவர் வர இயலாவிடின் அவருக்காக வேறொருவரோ, அதிலிருந்து மும்முறை பருகினால் போதும். நம் பீங்கான் தட்டுக்கு இக்கிண்ணம் தூரத்து உறவு. நூருத்தீன் 1174இல் தொண்டை நோய் கண்டு மறைந்தார்.

இஸ்தான்புல் தோப்கபி அரண்மனையில் மந்திரச் சட்டைகள் பல உண்டு. அவற்றுள் ஒன்று, அந்நகரை வென்ற சுல்தான் இரண்டாம் முஹம்மதின் இளைய மகன் ஜெம் இளவரசருடையது. துணி முழுவதும் இறைவசனங்களும் எண் கட்டங்களும் நுண்ணெழுத்தில் நிறைந்துள்ளன. சூரியன் மேட ராசியின் 19ஆம் பாகையில் நின்ற 1477 மார்ச் 30இல் தொடங்கி, 1480 மார்ச் 29இல் முடித்ததாகச் சட்டையே சொல்கிறது. நாழிகை பார்த்து மூன்று ஆண்டுகள்! முடிந்த மறு ஆண்டே தந்தை காலமானார். ஆட்சிக்காகத் தமையன் பாயஸீதுடன் பொருது ஜெம் தோற்றார். 1482இல் ரோட்ஸ் தீவின் கிறிஸ்தவ வீரர்களிடம் புகலிடம் நாடிச் சென்றவர், அடைக்கலம் பெறாமல் பணயக் கைதியானார். ஃபிரான்சிலும் ரோமிலும் கைமாறிக் கைமாறி, 1495இல் நேப்பிள்ஸ் பகுதியில் உயிர் நீத்தார். வயது முப்பத்தைந்து.

சுல்தானுக்கு மூன்று ஆண்டுச் சட்டை, ஏழைக்கு? எகிப்தின் பழைய நகரமான ஃபுஸ்தாத் முதலிய இடங்களில் கிடைத்த நீண்ட காகிதத் துண்டுகள் அதற்கு விடை தருகின்றன. அவற்றின் எழுத்துகள் கையால் எழுதப்பட்டவை அல்ல, அச்சில் பதித்தவை. 'தர்ஷ்' எனப்பட்ட அவ்வச்சைப் பத்தாம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ துலஃப், 'பனூ ஸாஸான்' என்னும் நாடோடி இரவலர், ஏமாற்றுவோரின் தொழில்களுள் ஒன்றாகக் குறிக்கிறார். நாழிகையும் புகையும் இங்கே தேவைப்படவில்லை. ஓர் அச்சு, பல தாள், சிறு உலோகக் குப்பி ஆகியவை போதும். வாங்குவோர் கழுத்தில் கட்டிக்கொள்வர்.

சற்றே நின்று எண்ணிப் பார்ப்போம். கூட்டன்பர்க் நூல் அச்சிடுவதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரபு எழுத்து அச்சேறியிருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் தாயத்துக்கே உழைத்தது. கல்விச் சாலைக்குள் நுழையவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டளவில் அக்கலையும் மறைந்தது. இஸ்தான்புல்லில் இப்ராஹீம் முதஃபர்ரிக்காவின் அச்சகம் முதல் நூலை வெளியிட 1729 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. தாயத்து விற்ற கை ஒரு பாடப்புத்தகத்தை விற்றிருக்கக் கூடாதா என்னும் ஏக்கம் நமக்கு எழாமல் இருக்குமா?

இப்னு கல்தூனின் தீர்ப்பு

இப்னு கல்தூன் ஸிஹ்ரைப் பொய்யென்று தள்ளியவர் அல்லர். அதன் விளைவைக் கண்ணால் கண்டதாகவே எழுதுகிறார். பிறர் துணையின்றித் தன் மன வலிமையால் செய்வது ஸிஹ்ர் என்றும், கோள், எண், பொருள்களின் துணையோடு செய்வது தில்ஸம் என்றும் மெய்யியலாரின் பாகுபாட்டை விளக்குகிறார். ஆயினும் ஷரீஅத் இரண்டையும் ஒரே வகையில் வைத்து விலக்கியது என்று முடிக்கிறார். தீங்கு விளைப்பதும், படைத்தவனை விட்டுப் படைப்பின்பால் மனத்தைத் திருப்புவதும் அதற்குக் காரணங்கள். இயலுமா, இயலாதா என்பதை விட, மனம் எவ்விடம் தஞ்சம் புகுகிறது என்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது.

இவ்வரலாற்றில் எவரையும் எள்ளி நகையாட நமக்கு மனமில்லை. பாம்புக் கடிக்கு மருந்தில்லாத காலத்தில் கிண்ணத்தை ஏந்திய தாயின் கண்ணீர் மெய்யானது. அடைக்கலம் தேடிய அவ்வுள்ளத்தை இறைவன் அறிவான். ஆனால் அவ்வச்சத்தின் மேல் கடை விரித்தவர்களையும், அரசரை வசப்படுத்தப் பொன்னைக் குங்குமப்பூவில் தோய்த்தவர்களையும் அத்தாயோடு ஒரே வரிசையில் வைக்க முடியாது.

நூருத்தீனின் கிண்ணம் இன்று ஒரு சேகரிப்பில் காட்சிப் பொருளாக இருக்கிறது. அதில் நீர் ஊற்றிப் பருகுவார் இல்லை. அவர் கட்டிய மருத்துவமனையோ பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நோயாளிகளுக்குப் படுக்கை விரித்தது. இரண்டும் ஒரே மனிதரின் அச்சத்திலிருந்தும் இரக்கத்திலிருந்தும் பிறந்தவை. அவற்றுள் எது எத்தனை உயிர்களுக்கு உதவியது என்பதை வாசக அன்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.