கடனுக்குப் பொறுப்பேற்றவர்

கடனை அடைக்காமல் இறந்த ஒருவரின் ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் தொழவைக்காமல் தோழர்களிடமே அப்பொறுப்பை விட்டார்கள். அபூ கதாதா (ரலி) அவர்கள் முன்வந்து அக்கடனைத் தாம் ஏற்பதாகக் கூறிய பின்னரே தொழவைத்தார்கள். மதரஸாவில் நாம் பலமுறை ஓதிக்கொடுக்கும் செய்தி இது. ஒரு தனிமனிதரின் கடனே இத்தனை கனமானது எனில், 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு நகரமே கடனில் மூழ்கினால் யார் முன்வருவது? 1975ஆம் ஆண்டில் நியூயார்க் நகருக்கு அந்நிலை வந்தது. அப்போது முன்வந்தவர்களுள் முதன்மையானவர் ஃபெலிக்ஸ் ரொஹாட்டின் என்னும் வங்கியாளர்.

அவர் 1928இல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாஜிகளின் கை ஓங்கவே, குடும்பம் பிரான்சுக்குப் பெயர்ந்தது. 1940இல் பிரான்சும் வீழ்ந்தது. தப்பியோடுவதற்கு முந்தைய இரவு, பன்னிரண்டு வயதுச் சிறுவனான அவர் பற்பசைக் குழாய்களுக்குள் தங்க நாணயங்களைத் திணித்து மறைத்தார். அவ்வேளையில் பிரான்சில் பிரேசில் நாட்டுத் தூதராக இருந்தவர் லூயிஸ் மார்ட்டின்ஸ் டி சோசா டான்டஸ். தம் அரசின் தடையை மீறி நூற்றுக்கணக்கான அகதிகளுக்கு அவர் விசா வழங்கினார். அந்த விசாவைக் கொண்டே ரொஹாட்டின் குடும்பம் காசாபிளாங்கா, லிஸ்பன், ரியோ டி ஜெனிரோ வழியாக 1942இல் நியூயார்க்கை அடைந்தது. ஒரு மனிதனுக்கு நிலைப்பது தலைக்குள் சுமந்து செல்லும் அறிவு மட்டுமே என்பதை அப்பயணம் தமக்குக் கற்பித்ததாக அவர் பிற்காலத்தில் கூறிவந்தார்.

மிடில்பரி கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், லசார்ட் என்னும் முதலீட்டு வங்கியில் சேர்ந்தார். ஆந்த்ரே மேயரிடம் தொழில் கற்று, 1961இல் அதன் பங்குதாரர்களுள் ஒருவரானார். பெரிய நிறுவனங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பேரங்களில் பெயரும் பொருளும் ஈட்டினார்.

நியூயார்க் நகரம் தன் அன்றாடச் செலவுகளை மூலதனக் கணக்கில் ஏற்றி மறைத்து வந்தது. வருமா என்று உறுதியில்லாத வருவாயைக் காட்டிக் கடன் வாங்கியது. அக்கடனை அடைக்க மீண்டும் கடன் வாங்கியது. 1975இல் மொத்தக் கடன் ஏறத்தாழ 1,400 கோடி டாலர். அதில் 600 கோடிக்குச் சற்றே குறைந்த தொகை குறுகிய காலத்தில் அடைக்க வேண்டியது. நகரின் கணக்கை நம்ப இயலாது என்று கருதிய வங்கிகள் கைவிரித்தன. பணம் தீர்வதற்கு முன்பே நம்பிக்கை தீர்ந்துவிட்டது.

மாநில ஆளுநர் ஹியூ கேரி ரொஹாட்டினை அழைத்தார். அவ்வாண்டு ஜூனில் நகராட்சி உதவிக் கழகம் உருவாயிற்று. நகரின் விற்பனை வரி போன்ற வருவாய்கள் முதலில் இக்கழகத்துக்கே சேரும். அவற்றைப் பிணையாகக் காட்டிக் கழகம் தன் பெயரில் பத்திரங்களை விற்று, நகரின் பழைய கடனை அடைக்கும். நகரின் சொல்லை நம்பாதவர்கள் கழகத்தின் சொல்லையாவது நம்புவார்கள் என்பதே திட்டம். அப்பத்திரங்கள் வட்டி சார்ந்தவை. அம்முறையை நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் அவர் எல்லாத் தரப்பாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்த விதம் நம் கவனத்துக்குரியது.

வங்கிகள் காலக்கெடுவை நீட்டிக்க வேண்டும், தொழிற்சங்கங்கள் ஓய்வூதிய நிதியிலிருந்து பத்திரம் வாங்க வேண்டும், நகரம் செலவைக் குறைக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அக்டோபர் 17 அன்று நகரம் 45 கோடி டாலருக்கு மேல் செலுத்த வேண்டியிருந்தது. கையிலிருந்ததோ சுமார் 3 கோடியே 40 இலட்சம். திவாலுக்கான ஆவணங்கள் ஆயத்தமாயிருந்தன. இறுதி நேரத்தில் ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர், தம் உறுப்பினர்களின் ஓய்வூதிய நிதியிலிருந்து 15 கோடி டாலர் தர இசைந்தார். நகரம் தப்பியது. முதலில் மறுத்த அதிபர் ஃபோர்டும் டிசம்பரில் கூட்டாட்சிக் கடனுக்கு ஒப்புதல் அளித்தார்.

இதன் விலையையும் நாம் மறைக்கலாகாது. பல்லாயிரம் ஊழியர் வேலையிழந்தனர். 35 சென்டாக இருந்த சுரங்க ரயில் கட்டணம் 50 சென்டாயிற்று. 1847 முதல் இலவசக் கல்வி அளித்துவந்த நகரப் பல்கலைக்கழகம் 1976இல் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. தவறான கணக்கை எழுதியவர்கள் ஆட்சியாளர்கள். அதன் சுமையில் பெரும்பங்கைத் தாங்கியவர்களோ எளிய மக்கள். ரொஹாட்டினின் புகழைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.

1981இல் நகரின் வரவுசெலவு சமநிலைக்கு வந்தது. ரொஹாட்டின் 1993 வரை கழகத்தின் தலைவராக நீடித்தார். 1997இல் அதிபர் கிளின்டன் அவரைப் பிரான்சுக்கான அமெரிக்கத் தூதராக நியமித்தார். எந்நாட்டிலிருந்து சிறுவனாகத் தப்பியோடினாரோ, அந்நாட்டுக்கே தூதராகத் திரும்பினார். பாரிஸோடு நில்லாமல் லியோன் முதலிய நகரங்களில் சிறு தூதரக அலுவலகங்களைத் திறக்கச் செய்தார். 2000ஆம் ஆண்டு வரை அப்பொறுப்பில் இருந்த அவர், 2019இல் தமது 91ஆம் வயதில் மறைந்தார்.

ஒரு தூதர் தம் பதவியை அமானத்தாகக் கருதியதால் ஒரு சிறுவன் பிழைத்தான். அச்சிறுவன் வளர்ந்து, தான் ஏற்படுத்தாத ஒரு கடனுக்குப் பொறுப்பேற்றான். அந்நகரின் வீழ்ச்சியோ மறைத்து எழுதப்பட்ட சில வரிகளில் தொடங்கியது. நம் மஹல்லாவின் பைத்துல்மால் கணக்கும் பள்ளிவாசலின் வக்ஃபுக் கணக்கும் தொகையில் சிறியவை. எனினும், பொதுமக்களின் பொருள் என்ற வகையில் அவற்றின் கனம் ஒன்றே. ஆண்டுதோறும் அக்கணக்கை ஜமாஅத்தார் முன் திறந்து வாசிப்பது, எவரேனும் கேட்ட பிறகு செய்யும் உபகாரமன்று. கேட்கும் முன்பே நாம் நிறைவேற்ற வேண்டிய கடமையாகும்.