மிச்சப் பாகங்கள்: பிளாஸ்டிக் கார் கிட்டின் கதை

பிளாஸ்டிக் கார் மாடல் கிட் என்றால் ஒரு அட்டைப்பெட்டி, உள்ளே சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பாகங்கள், ஒரு விளக்கத்தாள். பாகங்களை நறுக்கி எடுத்து, பசை போட்டு ஒட்டி, பெயின்ட் அடித்தால் கார் ரெடி. ஆனால் 1958க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த கிட்டுகளைப் பார்த்தால் ஒரு விசித்திரம் கண்ணில் படும். காரை முழுசாகக் கட்டி முடித்த பிறகும் பெட்டிக்குள் கணிசமான பாகங்கள் மீந்து கிடக்கும். தவறிப்போய் வந்தவை இல்லை. வேண்டுமென்றே, கணக்குப் போட்டு வைத்தவை.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது, அது என்ன செய்தது என்று கொஞ்ச நாளாகச் சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இந்தப் பதிவு. நம்ம ஊர்க் கதை இல்லை, டெட்ராய்ட் கதை.

ஷோரூம் மேசையிலிருந்து

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் கார் விற்பனை சூடுபிடித்தது. 1948இல் டெட்ராய்ட் வட்டாரத்தில் வெஸ்ட் கேலாக்லி என்ற வழக்கறிஞர் ஒரு சிறு கம்பெனி தொடங்கினார். ஃபோர்டு காரை அச்சு அசலாகச் சிறியதாக அலுமினியத்தில் வார்த்து, நிஜக் காருக்கு அடிக்கிற அதே பெயின்டை அடித்து, டீலர்களுக்குக் கொடுப்பதுதான் தொழில். அலுமினியம் மாடல் டாய்ஸ் என்று பெயர். சீக்கிரமே அலுமினியத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறிவிட்டார்கள். அதன் பிறகு முழுப்பெயர் பொருந்தவில்லை. ஏஎம்டி என்று சுருங்கியது. கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜான் ஹேன்லி என்பவர் தொடங்கியது ஜோ-ஹான்.

இந்தக் குட்டிக் கார்களுக்குப் ப்ரோமோ என்று பெயர். ஷோரூமில் வாடிக்கையாளருக்கு நிறம் காட்ட ஒன்று, வண்டி எடுக்க வந்தவரின் பையன் கையில் ஒன்று. கடைக்குப் போய் வாங்கும் பொம்மை இல்லை, விளம்பரப் பொருள்.

இதில் ஒரு சௌகரியம் இருந்தது. அடுத்த வருஷ மாடல் வெளியாவதற்கு முன்பே கார் கம்பெனி தன் வரைபடங்களை ரகசியமாக இவர்களிடம் கொடுத்துவிடும். நிஜக் கார் ஷோரூமுக்கு வரும் நாளில் குட்டிக் காரும் வந்தாக வேண்டும் இல்லையா? ஆக, அளவு பிசகாத வரைபடம், அதற்கு ஒரு மோல்டு, இரண்டும் ப்ரோமோ வியாபாரத்தாலேயே அமைந்துவிட்டன. பின்னால் வந்த கிட்டுகள் இந்த அஸ்திவாரத்தின் மேல் எழும்பியவைதான்.

பக்கவாட்டில் திறக்கும் மோல்டு

அம்பத்தூரிலோ கோவையிலோ இன்ஜெக்‌ஷன் மோல்டிங் பட்டறையைப் பார்த்தவங்களுக்கு இந்தப் பகுதி சுலபமாகப் புரியும். உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு எஃகு மோல்டுக்குள் செலுத்தி, ஆறியதும் மோல்டைத் திறந்து பொருளை வெளியே எடுக்கிறோம். மோல்டு இரண்டே பாதியாக இருந்தால், திறக்கிற திசையில் தடங்கலில்லாமல் கழன்று வரும் வடிவம் மட்டும்தான் வரும். பக்கெட் வரும், டம்ளர் வரும். கார் பாடி வராது. கதவின் கோடு, கைப்பிடி, முன்பக்க கிரில், பின்பக்க விளக்கு என ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நிற்கிறது. மேலே இழுத்தால் பக்கவாட்டு மேடுபள்ளங்கள் எஃகில் மாட்டிக்கொள்ளும்.

அதனால் ஆரம்பகாலக் கிட்டுகள் பலவற்றில் பாடியே பல துண்டாக வந்தது. கலிஃபோர்னியாவின் ரெவெல் கம்பெனி 1960களின் தொடக்கத்தில்கூட அப்படிச் சில கிட்டுகளை வெளியிட்டது. இடப்பக்கம், வலப்பக்கம், கூரை என்று தனித்தனியாகக் கொடுத்துவிட்டு, சேர்த்து ஒட்டு என்று பன்னிரண்டு வயசுப் பையனிடம் சொன்னால் என்ன ஆகும்? இடுக்கு விழும், கோணும், பசை வழியும்.

ப்ரோமோக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் மோல்டில் முன், பின், இடம், வலம் நான்கு பக்கமும் தனித்தனியாக நகரும் எஃகுத் துண்டுகள் இருந்தன. மேலே ஒன்று, உள்ளே கோர் ஒன்று. பிளாஸ்டிக் ஆறியதும் நாலு பக்கத் துண்டுகளும் விலகும், பாடி ஒரே துண்டாக வெளியே வரும். இந்த உத்தியோடு ஜார்ஜ் டோடெஃப் என்பவரின் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். பின்னால் ஏஎம்டியை விட்டு விலகி எம்பிசி என்ற போட்டிக் கம்பெனியைத் தொடங்கியவர் இவர்தான்.

ஒரே துண்டுப் பாடியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தயாரிப்பு வசதியாகத்தான் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுவது வேறு. பாடியை ஒட்டுவதிலேயே பொறுமை தீர்ந்துபோன பையன் அதற்கு மேல் எதையும் யோசிக்க மாட்டான். பாடி முழுசாக, நேராகக் கையில் கிடைத்த பையனுக்குத்தான் ‘இதை மாத்திப் பார்த்தா என்ன?’ என்ற எண்ணமே வரும்.

ஒரு பெட்டியில் மூன்று கார்

1958இல் ஏஎம்டி தரப்பிலிருந்து ‘மூன்றில் ஒன்று’ என்ற வகைக் கிட்டுகள் வந்தன. ஷோரூம் காராகக் கட்டலாம், கஸ்டம் காராகக் கட்டலாம், ரேஸ் காராகக் கட்டலாம். பாடி ஒன்றுதான். மாறுவது மேலே ஒட்டுகிற பாகங்கள். முதல் கிட்டுகளில் பானெட் திறக்காது, இன்ஜினும் கிடையாது. அவை சில வருஷம் கழித்து வந்தன.

அந்தச் சமயத்தில் கலிஃபோர்னியாவில் கஸ்டம் கார் மோகம் உச்சத்தில் இருந்தது. பழைய காரை வாங்கி, கூரையை அறுத்துத் தாழ்த்தி, குரோம் பட்டைகளைப் பிடுங்கிவிட்டு, வேறு காரின் கிரில்லைப் பொருத்தி, ஆளே அடையாளம் தெரியாதபடி மாற்றுவார்கள். ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்கள் இதற்கே பேர்போனவர்கள். ஏஎம்டி இப்படிப்பட்டவர்களையே ஆலோசகர்களாக வைத்துக்கொண்டது.

இப்போது கிட் வடிவமைப்பாளரின் நிலையில் இருந்து பாருங்க. பாடி எஃகில் உறைந்துவிட்டது. அதைத் தொட முடியாது, ஏனென்றால் அதே மோல்டில் ப்ரோமோவும் வார்க்க வேண்டும். கூரையைத் தாழ்த்த முடியாது. கதவை மாற்ற முடியாது. கையில் இருப்பது ஒரு சின்னச் சட்டத்தில் கொள்கிற இடம் மட்டும். அதற்குள் பாடியின் மேல் போய் உட்கார்கிற மாதிரியான பாகங்களை யோசிக்க வேண்டும்: மாற்று கிரில், பின்சக்கரத்தை மூடும் ஸ்கர்ட், பக்கவாட்டில் ஓடும் சைலன்சர் குழாய், ஸ்பாட்லைட், வால் துடுப்பு, டிக்கிக்குப் பின்னால் நிற்கும் ஸ்டெப்னி உறை, வேறு சக்கரங்கள். ஒவ்வொன்றும் மோல்டிலிருந்து கழன்று வரவேண்டும். பையன் விரலில் பிடிபட வேண்டும். ஒட்டினால் இடைவெளி தெரியக்கூடாது. இவை பிளாஸ்டிக்கில் சில கிராம்தான்.

அளவும் இடக்கு பண்ணும். 1:25 அளவில் 5.3 மீட்டர் கார் சுமார் 21 செ.மீ. ஆகிவிடும். நிஜக் காரின் தகடு ஒரு மி.மீ.க்கும் குறைவு, அதை 25ஆல் வகுத்தால் தலைமுடியை விட மெல்லிசு. அப்படி வார்க்க முடியாது. கிட்டின் சுவர் 1.5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நிஜ அளவில் அது மூணே முக்கால் செ.மீ. தடிமனான தகடு! அதனால்தான் தேர்ந்த மாடல் கலைஞர்கள் ஜன்னல் ஓரங்களை உள்பக்கமாகச் சுரண்டி மெல்லிசாக்குகிறார்கள். எல்லாவற்றையும் அப்படியே சுருக்குவது வடிவமைப்பு ஆகாது. எதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டினால் கண் நம்பும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை.

மோல்டால் முடியாததை மோல்டு முடிக்கவில்லை, பையன் முடித்தான். கூரையைத் தாழ்த்த வேண்டுமா? ரம்பக் கத்தியால் அறு, துண்டை எடு, திரும்ப ஒட்டு, புட்டி போட்டுத் தேய். மாடல் பத்திரிகைகள் இதையெல்லாம் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தன.

மீந்த பாகங்களை யாரும் தூக்கிப் போடவில்லை. அவை பழைய டப்பா ஒன்றுக்குள் போயின. அடுத்த கிட்டின் மிச்சமும் அதற்குள். மூன்றாவது காருக்கு வரும்போது பையன் செவர்லே பாடியில் ஃபோர்டு கிரில்லை வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பான். விளக்கத்தாளில் இல்லாத கார் அது. மிச்சத்தின் பலன் இதுதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஜெனரல் மோட்டார்ஸ் ஆதரவில் 1930 முதல் 1968 வரை நடந்த ஃபிஷர் பாடி கைவினைஞர் கில்டு போட்டியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பையன்கள் தாங்களே ஒரு காரை வடிவமைத்து, மரத்திலோ வேறு பொருளிலோ கையால் செதுக்கி அனுப்ப வேண்டும். ஜெயித்தால் கல்லூரி உதவித்தொகை. 1947இல் முதல் பரிசு வாங்கிய சக் ஜோர்டன் பின்னாளில் அதே ஜிஎம்மின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். ஆனால் அது நூற்றுக்கணக்கான மணிநேர உழைப்பைக் கேட்கிற போட்டி. பெண்பிள்ளைகளுக்கு இடமும் இல்லை. கிட்டுக்கு நுழைவுத்தேர்வு கிடையாது. ஓரிரு டாலர் போதும்.

பெட்டியிலிருந்து ரோட்டுக்கு

1960களில் ஓட்டம் இரண்டு பக்கமும் நடந்தது. நிஜக் கஸ்டம் கார்கள் கிட்டாயின. ரிச்சர்ட் பீட்டர்ஸுக்காகப் பாரிஸ் கட்டிய ‘ஆலா கார்ட்’ 1958, 1959 என இரண்டு வருஷமும் அமெரிக்காவின் அழகான ரோட்ஸ்டர் பரிசை வாங்கியது; ஏஎம்டி அதைக் கிட்டாக்கியது. ஃபைபர்கிளாஸில் விநோதக் கார்கள் செய்த எட் ராத் ரெவெலோடு சேர்ந்தார். பெட்டிக்கு ஒரு சென்ட் ராயல்டி. 1963இல் அப்படி அவருக்கு வந்தது 32,000 டாலர் என்பார்கள். கணக்குப் போட்டால் 32 லட்சம் பெட்டி.

டாம் டேனியல் விஷயத்தில் ஓட்டம் தலைகீழானது. மோனோகிராம் கம்பெனிக்காக அவர் வரைந்த கார்கள் பல எந்தத் தெருவிலும் ஓடியதில்லை; கிட்டுக்காகவே பிறந்தவை. 1968இல் வந்த ‘ரெட் பேரன்’ ஒரு உதாரணம். முதல் உலகப் போர் ஜெர்மன் ஹெல்மெட்தான் அதன் கூரை, விமான இன்ஜின்தான் அதன் இன்ஜின். கிட் சக்கைப்போடு போட்டது. கார் கண்காட்சி நடத்துகிற ஒருவர் இதைப் பார்த்துவிட்டு நிஜ அளவில் வேண்டும் என்றார். டெட்ராய்ட் பட்டறைக்காரர் சக் மில்லர் 1969இல் அதைக் கட்டினார். கிட்டில் இருந்த விமான இன்ஜினுக்குப் பதிலாகப் பான்டியாக்கின் ஆறு சிலிண்டர் இன்ஜின். இருபது வருஷத்துக்கு முன்னால் நிஜக் காரைப் பார்த்துக் குட்டிக் கார் செய்தார்கள். இப்போது குட்டிக் காரைப் பார்த்து நிஜக் கார்.

எஃகில் அழிந்தது

இந்தக் கதைக்கு ஒரு வருத்தமான பக்கமும் உண்டு. மோல்டு விலை கூடியது. அதனால் இந்த வருஷ மாடலின் மோல்டையே வெட்டித் திருத்தி அடுத்த வருஷ மாடலாக மாற்றுவது சகஜமாக இருந்தது. புதுக் கார் பிறக்கும்போது பழையது எஃகிலிருந்து அழிந்துபோகும். அச்சுப் புத்தகத்துக்குப் பழைய பிரதி இருந்தால் மறுபதிப்புப் போடலாம். இங்கே மறுவார்ப்புக்கு மோல்டே இல்லை. கஸ்டம் பாகங்கள் இருந்த பகுதியையும் பல மோல்டுகளில் பின்னால் எடுத்துவிட்டார்கள். ஃபேஷன் போய்விட்டது என்பது காரணம். 1973இன் எண்ணெய் நெருக்கடி பிளாஸ்டிக் விலையையும் ஏற்றியது. 1978இல் ஏஎம்டி பிரிட்டனின் லெஸ்னி கைக்குப் போனது. பிறகு எர்ட்டல், இப்போது ரவுண்ட் 2.

ஆக, சில கிரில்களும் சக்கர மூடிகளும் இன்று மிஞ்சியிருப்பது கம்பெனிகளிடம் இல்லை. எழுபது வயதைத் தாண்டியவர்களின் பழைய டப்பாக்களில் இருக்கிறது. அங்கிருந்து எடுத்த ஒரு பாகத்தைச் சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, ரெசினில் வார்த்து, மற்றவர்களுக்கு விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கட்டாத பழைய கிட்டை ஸ்கேன் செய்து புது மோல்டு வெட்டும் வேலையும் நடக்கிறது. ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலையை மிச்ச டப்பா செய்திருக்கிறது.

இப்போது கம்ப்யூட்டரில் வரைந்து வீட்டிலேயே 3டி பிரின்டரில் எடுத்துவிடலாம். நாலு பக்க மோல்டு வேண்டாம், கழன்று வருமா என்ற கவலையும் வேண்டாம். ஆனால் இன்றைக்கும் பலர் முழுக் காரை வரைவதில்லை என்பதைக் கவனித்தேன். ஒரு கிரில், ஒரு செட் சக்கரம், ஒரு இன்ஜின் என்று வரைகிறார்கள். பழைய ஏஎம்டி பாடியில் சரியாகப் போய் உட்காரும் அளவில். 1958இல் பெட்டிக்குள் போட்ட அந்தச் சின்னச் சட்டத்தின் வேலையை இப்போது வாங்குகிறவரே செய்துகொள்கிறார்.

அடுத்து, ஜப்பானில் டாமியா போன்றவர்கள் கார் கிட்டை எடுத்துக்கொண்டு போன விதம் பற்றிக் குறிப்புகள் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே ‘மூன்றில் ஒன்று’ அவ்வளவாக எடுபடவில்லை, துல்லியம்தான் பிரதானம். அது தனிப் பதிவாக வரும்.