நிக்கோபார்த் தீவுகளில் கிறித்தவம்

ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் மாநக்கவாரம் என்று வரும் தீவுகளே இன்றைய நிக்கோபார். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் ஏறத்தாழ பத்துக்கு ஏழு பேர் கிறித்தவர்கள். தென்னை, பன்றி, தாழை இனப் பழமாவு, கூட்டுக்குடும்பம் என்று வாழ்ந்த தீவினரிடம் இச்சமயம் இருமுறை தமிழ் ஆட்களோடும் தமிழ்க் கரையோடும் தொடர்புபட்டு வந்தது. முதல் முறை கல்லறைகளை மட்டுமே விட்டுச் சென்றது.

டென்மார்க் 1756-இல் இத்தீவுகளுக்கு உரிமை கொண்டாடியது. இந்தியாவில் அதன் தலைமையிடம் தரங்கம்பாடி. அங்கே தங்கியிருந்த மொராவிய சகோதரர்கள் என்ற கிறித்தவ ஊழியக் குழுவினர் 1768-இல் நன்கவுரித் தீவில் குடியேறினார்கள். காய்ச்சல் அவர்களை ஒவ்வொருவராகக் கொண்டுபோனது. தீவிலும், தரங்கம்பாடிக்குத் திரும்பிய பிறகுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1779-இல் வந்த ஹென்செல் என்ற மொராவியர் சிப்பி, பாம்பு, பூச்சி ஆகியவற்றைச் சேகரித்துத் தரங்கம்பாடியில் விற்றுத்தான் செலவைச் சமாளித்தார். தீவு மொழி தங்களுக்கு வசப்படவில்லை என்பது அவர் பிற்காலத்தில் எழுதிய கடிதங்களிலிருந்து தெரிகிறது. 1787-இல் பணி கைவிடப்பட்டது. இதே தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய மிஷனரி சீகன்பால்கு பத்தாண்டுக்குள் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியிருந்தார். நன்கவுரியில் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தும் ஒரு சபைகூட உருவாகவில்லை. காய்ச்சலை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான்; மொழி வசப்படாதது மறுபாதி.

1869-இல் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின. பின்னர் ஆங்கிலிக்கன் திருச்சபை இங்குள்ள பணியை ரங்கூன் மறைமாவட்டத்தின் கீழ் வைத்தது. 1890-களின் நடுவில் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்துக்கு வேதப்பன் சாலமன் என்ற தமிழ் உபதேசியார் வந்து சேர்ந்தார். திருச்சபைக்கு உபதேசியார், அரசுக்கு முகவர் என இரட்டைப் பொறுப்பு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். கரைக்கு வந்துபோகும் வணிகக் கப்பல்களைக் கவனித்தார். நாட்குறிப்பும் எழுதினார். யார் வீட்டில் சாவு, எந்த ஊரில் விருந்து, சூனியக்காரன் என்ற சந்தேகத்தில் யாரைக் கொன்றார்கள் என்றெல்லாம் அதில் பதிந்து வைத்தார். 'பேய்க் கொலை' என்று அக்கால ஆவணங்கள் குறிக்கும் இவ்வழக்கத்தைக் கிட்ட இருந்து பார்த்து எழுதியவர்கள் மிகச் சிலரே. இக்குறிப்புகளின் பகுதிகள் 1902-இல் லண்டன் மானிடவியல் கழக இதழில் வெளியாயின. ஊழியக்காரர் எழுதியதுதானே என்று தள்ளிவிட முடியாத ஆவணம் அது.

சாலமனிடம் படித்த மூஸ் சிறுவர்களில் ஹாசேவ்கா ஒருவர். பின்னாளில் ஜான் ரிச்சர்ட்சன் என்று அறியப்பட்டவர். பர்மாவின் மாண்டலே மிஷன் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, 1912-இல் ஆசிரியராக ஊர் திரும்பினார். அதுவரை எழுத்து வடிவம் பரவாதிருந்த கார் நிக்கோபார் மொழி, ரோமன் எழுத்தில் வேதாகமத்துக்குள் நுழைந்தது இவர் காலத்தில்தான். ஜார்ஜ் வைட்ஹெட் என்ற மிஷனரியும் இம்மொழியில் உழைத்தார். அவர் தொகுத்த அகராதி 1925-இல் ரங்கூனில் வெளியானது. ரிச்சர்ட்சனின் மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடு 1950-இலும், முழு வேதாகமம் 1969-இலும் வந்தன.

மொழிபெயர்ப்போடு பொருளும் இடம் மாறுகிறது. லேவியராகமத்தில் பன்றி தீட்டு. கெட்ட குமாரன் கதையில் பன்றி மேய்ப்பது வீழ்ச்சியின் அடித்தளம். நிக்கோபாரிலோ பன்றிதான் செல்வம். பன்றி இல்லாமல் விருந்தில்லை, முன்னோர் கடனும் தீராது. இந்த மண்ணில் நின்று அக்கதையைக் கேட்பவருக்கு உறுத்துவது பன்றியின் அருவருப்பாக இராது. அடுத்தவன் பன்றியை மேய்க்க நேர்ந்ததே அவமானமாகப் படும் என்று எண்ண இடமுண்டு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-இல் ஜப்பானியர் வந்தனர். விமான ஓடுதளம் அமைக்கத் தீவினரைக் கட்டாய வேலை வாங்கினர். 1945-இல் ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டிப் பலரைச் சித்திரவதை செய்து கொன்றனர். ரிச்சர்ட்சன் சிறைப்பட்டார்; அவர் குடும்பத்திலும் சாவு விழுந்தது. இக்கொலைகளுக்காக 1946-இல் சிங்கப்பூரில் போர்க்குற்ற விசாரணை நடந்தது. போருக்கு முன் சிறு சபையாக இருந்தது, போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே கார் நிக்கோபார் முழுவதும் பரவியது. துன்பத்தில் கூட நின்ற பாதிரியார் ரிச்சர்ட்சன் தங்களுள் ஒருவர் என்பதைத் தவிர இதற்குப் பெரிய காரணம் தேட வேண்டியதில்லை. ரிச்சர்ட்சன் 1950-இல் பேராயரானார். 1952-இல் அமைந்த முதல் மக்களவையில் அந்தமான் நிக்கோபாரின் நியமன உறுப்பினராக இருந்தார். 1965-இல் பத்மஸ்ரீயும் 1975-இல் பத்மபூஷணும் பெற்றார். 1970-இல் நிக்கோபார்ச் சபை வட இந்தியத் திருச்சபையில் இணைந்தது. ரிச்சர்ட்சன் மறைந்தது 1978-இல்.

பழைய வாழ்க்கை முற்றாக அழிந்துவிடவில்லை. 'துஹெத்' எனப்படும் கூட்டுக்குடும்பமே நிலத்துக்கும் தோப்புக்கும் உரிமையாளர். ஊருக்குக் 'கேப்டன்' தலைவர். கிறிஸ்துமஸ் விருந்துக்கும் பன்றி வெட்டுவார்கள், ஆடுவார்கள், பாடுவார்கள். நெல்லைச் சீமைச் சபைகளின் பொதுவிருந்தான அசனப் பண்டிகையைப் பார்த்தவருக்கு இது அந்நியமாகத் தெரியாது. அங்கே ஆடு, இங்கே பன்றி.

அந்தமான் பக்கத்துக் கதை வேறு. அங்கே கிறித்தவம் பெரும்பாலும் குடியேறிகளோடு வந்தது: மாயாபந்தர் அருகே 1925-இல் குடியேறிய பர்மியக் கரேன் பாப்டிஸ்டுகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து மரம் வெட்ட வந்த கத்தோலிக்க ஆதிவாசிகள், தமிழர்கள். போர்ட் பிளேர் கத்தோலிக்க மறைமாவட்டம் 1984-இல் உருவானது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலையில் வந்த ஆழிப்பேரலை கார் நிக்கோபாரின் கடலோர ஊர்களையும் ஆலயங்களையும் வாரிக்கொண்டு போனது. உயிர் பிழைத்தோர் மேட்டு நிலத்துத் தகரக் கொட்டகைகளில் தங்கினர். பிறகு அரசு கட்டித் தந்த வீடுகள் தனிக்குடும்பத்துக்கு ஏற்ற அளவில் அமைந்ததால் துஹெத்தினர் சிதறினர். இழப்புகளில் இதுவும் ஒன்று. ஆலயங்கள் உள்நிலத்தில் மறுபடி எழுந்தன. கார் நிக்கோபாரின் அரசு மருத்துவமனைக்கு பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் பெயரே சூட்டப்பட்டுள்ளது.